பெயின்ற் அடிக்காத சைக்கிள்

என் கணவர் டனிஸ்ரன் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். அங்கே அவருடைய பொறுப்பு பிழை பிடிப்பது. மேசைக்கு வருகிற ஒவ்வொரு உலோகத் துண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தலைமயிர் அளவு கீறல் இருந்தாலும் சிவப்புப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். கலியாணம் கட்டிய புதிதில் என்னையும் இப்படி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுவாரோ என்று நான் பயந்ததுண்டு. அப்படிப்பட்ட மனிதர்தான் போன வருஷம் யூலை முதலாம் திகதி, தெருவோரத்தில் நின்ற ஒரு துருப்பிடித்த சைக்கிளைக் கண்டு நடக்க மறந்து நின்றுவிட்டார்.

யூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதி ஊர் வீடு மாறும். வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் ஒன்றாக முடிகிற ஊர் இது. நாங்கள் இருக்கும் வில்லரேயில் அன்றைக்கு நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. கட்டில், மெத்தை, கால் உடைந்த கதிரை, யாரோ ஒரு காலத்தில் ஆசையாக வாங்கிய பூச்சாடி எல்லாம் வெயில் காயும். எது ஏற்றப்போகிற சாமான், எது எறிந்த சாமான் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சைக்கிள் ஒரு மேப்பிள் மரத்தில் சாய்ந்து நின்றது. பக்கத்தில் கறைபிடித்த மெத்தை ஒன்று கிடந்தது. வழமையான சைக்கிள் இல்லை. முன்சில்லு சின்னது, பின்சில்லு பெரியது. ஹாண்டில் செம்மறிக்கடாவின் கொம்புபோல மேலெழுந்து வளைந்திருந்தது. சீற் வாழைப்பழம்போல நீளம். இரண்டு பேர் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுச்சட்டத்தில் காருக்கு இருப்பதுபோல ஒரு கியர்த் தடி. ஒரு காலத்தில் செம்மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். இப்போது பழைய மீன்குழம்புச் சட்டியின் நிறம்.

“என்னப்பா, நடவுங்கோவன்.”

“சர்மி, இது மஸில் சைக்கிள்.”

“எனக்குத் துருதான் தெரியுது.”

“எழுபதுகளிலை வந்தது. கார் ஓட வயசு காணாத பெடியளுக்கு ரேசிங் கார் மாதிரிச் செய்து குடுத்தவங்கள். அதுதான் இந்தக் கியர், இந்தச் சீற் எல்லாம். இப்ப இதைக் காணக் கிடையாது.”

மற்றவர்கள் சீரியல் பார்ப்பதுபோலப் பழைய சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டுகிற வீடியோக்களைப் பார்க்கிறவர் அவர். குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டதுமே இது லேசில் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஆரேனும் தேடி வந்தா?” என்று கேட்டேன்.

“புது வீட்டுக்கு ஆரப்பா துருவைக் காவிக்கொண்டு போவினம்? எங்கடை ஆக்கள் பழைய விளக்குமாத்தையே விட்டிட்டுத்தான் போறவை.”

எங்கள் ஆட்கள் வீடு மாறும் விதத்தை வைத்து முழு மொன்றியலுக்கும் தீர்ப்பு எழுதிவிட்டார். எனக்கும் அதில் பிழை தெரியவில்லை. வேதக்காரர்களான நாங்களும் மாதா படமும் அரிசியும் உப்பும் முதலில் கொண்டுபோய்ப் பால் காய்ச்சித்தான் இந்த வீட்டுக்குள் வந்தோம். ஆனாலும் அவர் நேர்மையான மனிதர். அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். எதிர்ப்பக்கம் அலுமாரி தூக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். அந்த மனிதர் தோளைக் குலுக்கினார். அவ்வளவுதான், சைக்கிள் எங்களோடு வந்துவிட்டது.

நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. தெருவில் எடுத்த சாமானில் மூட்டைப்பூச்சி இருக்கும். இந்த ஊரில் அது ஒரு வீட்டுக்குள் வந்தால் வீட்டைக் கொளுத்தினால்தான் போகும் என்பார்கள். இரும்பில் பூச்சி இருக்காது, சீற்றுக்குள் இருக்கும் பஞ்சில் இருக்கும். ஆகவே அந்த நீண்ட சீற் குப்பைப் பையால் சுற்றப்பட்டு எங்கள் பேஸ்மென்ற் உறைபெட்டிக்குள், திருக்கை மீனுக்கும் பிட்டு மாவுக்கும் நடுவில், ஒரு மாதம் கிடந்தது. மேல்வீட்டு அருமைராசா அண்ணை ஐஸ் கேட்டு வந்தபோது அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சுறா வாங்கினியளோ?” என்று கேட்டார்.

அருமைராசா அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐம்பதைத் தாண்டிய எந்த ஆண்பிள்ளையும் சைக்கிள் நிபுணன்தான். அண்ணை அதில் பேராசிரியர். அவர் காலத்தில் ஒரு சைக்கிளில் மூன்று பேரும் ஒரு ஆடும் போனார்களாம். கதைக்குக் கதை ஆடு கூடும். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்த மாதிரி, எங்கள் பேஸ்மென்றில் சைக்கிள் வந்த நாளிலிருந்து அண்ணை ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, நீர் ஏன் மினக்கெடுறீர்? சாண்ட் பேப்பர் போட்டு நல்லாத் தேச்சு, சிவப்புப் பெயின்ற் ரெண்டு பூச்சு அடியும். கடையிலை இருந்து வந்த மாதிரி இருக்கும்.”

“கடையிலை இருந்து வந்தது வேணுமெண்டா கடைக்குப் போவனே அண்ணை. இதுக்குப் பேர் பட்டினா. ஐம்பது வருஷம் வெயிலும் பனியும் கைவேர்வையும் பட்டு வந்த நிறம். பெயின்ற் அடிச்சா அது போயிடும், பேந்து ஆராலையும் திருப்பிக் கொண்டர ஏலாது.”

“அழுக்குக்கும் பேர் வைச்சிட்டாங்களே” என்றார் அண்ணை. உண்மையைச் சொன்னால் நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் டனிஸ்ரனிடம் ஒரு சட்டம் இருந்தது. ஓடுகிறதெல்லாம் புதிது, தெரிகிறதெல்லாம் பழையது. பேஸ்மென்றில் அந்தக் குளிர்காலம் முழுக்க நடந்தது அதுதான். இறுகிப்போன புரியாணிகளுக்கு எண்ணெய் விட்டுவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தார். அவசரப்பட்டால் ஆணியின் தலை முறிந்துவிடுமாம். உள்ளே தேய்ந்துபோன போல்ஸ் குண்டுகளைக் கழற்றிப் புதியவை போட்டு, கிறீஸ் வைத்தார். பெடல்களின் வெளிக்கட்டைகளை வைத்துக்கொண்டு உள்ளச்சுகளை மட்டும் மாற்றினார். புது பிரேக் கம்பிகளைப் பழைய வெடித்த உறைகளுக்குள்ளேயே நுழைத்தார். சீற்றுக்குள் புதுப் பஞ்சு வைத்து, மேலே இருந்த கிழிசலை உள்பக்கமாக ஒட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் கிழிசல் கிழிசலாகவே இருந்தது. சட்டத்தை மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து, துரு இனிமேல் பரவாமல் மெழுகு பூசினார். ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுகிற கவனம் அதில் இருந்தது. கழற்றிய எதையும் எறியவில்லை. தேய்ந்த போல்ஸ் ஒவ்வொன்றும் யோகட் டப்பாக்களுக்குள் போய்த் தட்டில் அடுக்கப்பட்டது. எனக்கு டப்பா இல்லாமல் போனது.

ஈஸ்டருக்கு முதல் நாள் நான் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கும்போது, மேசையில் கிடந்த சைக்கிள் மணியையும் சேர்த்து விளக்கிவிட்டேன். பித்தளை தங்கம்போல மின்னியது. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதர் பார்த்த பார்வையில் எனக்கே செத்தவீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. மணியை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்முற்றத்தில் மழை படும்படி வைத்துவிட்டு வந்தார்.

“கறுக்க எவ்வளவு நாள் செல்லும்?” என்று கேட்டேன்.

“உம்மடை கை படாமல் இருந்தா கெதியாக் கறுக்கும்.”

இரண்டு இடங்களில் மட்டும் அவர் யோசித்து நின்றார். ஒன்று, நடுச்சட்டத்துக் கீறல்களின்மேல் யாரோ செர்ரிப்பழச் சிவப்பில் கியூட்டெக்ஸ் பூசியிருந்தார்கள். நகத்துக்குப் பூசுகிற அதே சாமான். செம்மஞ்சளுக்கும் அதற்கும் எட்டாப் பொருத்தம். நகப்பூச்சு துடைக்கிற மருந்தை நான் கொண்டுவந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “ஆரோ இதிலை அக்கறைப்பட்டுப் பூசியிருக்கினம், அதுவும் இருக்கட்டும்” என்றார். மற்றது, சங்கிலியை மூடுகிற தகட்டில் ஒரு பள்ளம். மிதிக்கும்போது பெடல் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் அதன் பிதுங்கிய விளிம்பில் இடித்தது. பள்ளம் தெரிய வேண்டும், இடிக்கவும் கூடாது. குறட்டின் வாயில் துணி சுற்றி, தகட்டை ஒரு நூலளவு உள்ளே தள்ளினார். இடி நின்றது. பள்ளம் அப்படியே இருந்தது.

நான் இவ்வளவு பகிடி பண்ணினாலும் ஒன்றை மறைக்க மாட்டேன். அந்த மனிதர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. சப்பாத்து தேய்ந்தால் நான்தான் கண்டு வாங்க வேண்டும். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றால் “இருக்கிறது காணும்” என்பார். இந்தச் சைக்கிளைத்தான் முதன்முதலாகத் தன்னுடையது என்று சொன்னார். “இதை விக்கவும் மாட்டன், ஆருக்கும் குடுக்கவும் மாட்டன், சர்மி” என்று வைகாசி மாதம் அதை வெளியே எடுத்த அன்று சொன்னபோது, அவருடைய முகம் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் ஓட்டத்துக்கு என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். நாற்பது தாண்டிய பெண் வாழைப்பழச் சீற்றில் கால் இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்சந்தால் போகிற காட்சியை அருமைராசா அண்ணை பல்கனியிலிருந்து வீடியோ எடுத்தார். எடுக்கட்டும் என்று விட்டேன். சைக்கிள் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல ஓடியது. சத்தமே இல்லை. சிவப்பு விளக்கில் நின்ற ஒரு இளைஞன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினான். டனிஸ்ரனின் காதுகள் சிவந்துபோனதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

பக்கத்துப் பகுதியான பார்க் எக்ஸ்ரென்ஷனில் எங்கள் ஆட்களின் கடைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றார். ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். ஓட்டச் சப்பாத்து, சுடிதார், தோளில் ஒரு பை. ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்திருந்தார். மற்றக் கையின் விரல் அந்தக் கியூட்டெக்ஸ் திட்டுகளின்மேல் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

“புள்ள, இது ஆர்ட சைக்கிள்?” என்று என்னைக் கேட்டார்.

“எங்கடை.”

“இல்லம்மா. இது என்ட சைக்கிள். இந்தக் கியூட்டெக்ஸ் நான் பூசினது.”

என் பக்கத்தில் டனிஸ்ரன் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

அவருடைய பெயர் சீதேவி, மட்டக்களப்பு. போன யூலை வரை வில்லரேயில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்திருக்கிறார். வீடு மாறிய அன்று முதல் லொறியில் சாமான்களை ஏற்றும்போது சைக்கிளை வேண்டுமென்றே ஏற்றவில்லையாம்.

“புது வீட்டுல பால் பொங்க முதல் துருப்பிடிச்ச இரும்பை உள்ள ஏத்தப்படாது எண்டு நான்தான் மரத்தடியில வச்சிட்டுப் போன. பாலைக் காய்ச்சிட்டு, மறுகா ரெண்டாம் முறை லொறியோட வந்து பார்த்தா சைக்கிளைக் காணல்ல. தெருத் தெருவாத் தேடின நான்.”

எந்த வழக்கத்தை நினைத்து என் கணவர் இது எறிந்த சாமான் என்று முடிவு கட்டினாரோ, அதே வழக்கத்துக்காகத்தான் அந்த அம்மா அதை வெளியில் விட்டிருக்கிறார். வேறு யாராவது என்றால் முதல் லொறியிலேயே தூக்கி ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். தெருவில் வந்தது வேறு யாராவது என்றால் கண்டும் காணாமல் கடந்து போயிருப்பார்கள். இரண்டு பக்கமும் தமிழர் என்றபடியால்தான் இந்தப் பிழை இவ்வளவு ஒழுங்காக நடந்தது.

டனிஸ்ரன் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. “நான் எறிஞ்சதெண்டு நினைச்சுத்தான் எடுத்தனான், அக்கா. பிழை என்ரை. நீங்கள் கொண்டு போங்கோ” என்றார். பிறகு பிரேக்கை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது எண்ணெய் விட வேண்டும் என்று எல்லாம் சொன்னார். ஏதும் இறுக்க வேண்டி வந்தால் வரச் சொல்லி எங்கள் விலாசத்தையும் கொடுத்தார். சீதேவி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போனார். நாங்கள் முருங்கைக்காயோடு நடந்து வந்தோம்.

எனக்கு நெஞ்சு எரிந்தது. யாரில் கோபப்படுவது என்று தெரியாததால் கோபம் இன்னும் கூடியது. அந்த அம்மாவிலும் பிழையில்லை, இவரிலும் பிழையில்லை, மேப்பிள் மரத்தோடா சண்டை பிடிப்பது? வாசலில் அருமைராசா அண்ணை நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நான் அப்பவே சொன்னனான். பெயின்ற் அடிச்சிருந்தா அந்த மனுசி என்ன, அதைச் செய்த கொம்பனிக்காரனே கண்டுபிடிச்சிருக்க மாட்டான்” என்றார். அது உண்மை என்பதால்தான் எனக்கு அவரைக் கடிக்க வேண்டும்போல இருந்தது.

அந்தக் கிழமை முழுக்க டனிஸ்ரன் வேலையால் வந்து, பேஸ்மென்றுக்குப் போய், வெறும் மேசையைத் துடைத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை கதவு மணி அடித்தது. சீதேவி அக்கா. வாசற்படியில் சைக்கிள் நின்றது. ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து டனிஸ்ரன் ஸ்பானரோடு ஓடிவந்தார்.

“ஒண்டும் கழரல்ல தம்பி. நீங்களே இதை வச்சிக்கங்க.”

தேத்தண்ணி கொடுத்து இருத்திக் கேட்டோம். அவருடைய கணவர் யோகராசாவுக்குச் சீனி வருத்தத்தில் ஆறு வருஷமாகக் கண் தெரியாதாம். பகலில் தனியாகப் பல்கனியில் இருப்பார். சீதேவி அக்கா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. போவதும் வருவதும் இந்தச் சைக்கிளில்தான்.

“இது ஓடினா ஒரு சத்தம் வரும். தெரு முனையில நான் திரும்பக்குள்ளேயே அவருக்குக் கேட்டிரும். நான் வந்து ஏறுறதுக்குள்ள எழும்பி, கதவைத் திறந்து, சேட்டும் போட்டுக்கிட்டு நிப்பார். களவு போனதுக்குப் பொறகு நான் பஸ்ஸில வாறன். திடீரெண்டு கதவு திறக்கும், அவர் திடுக்கிடுவார். ஆர், ஆர் எண்டு கேப்பார். அது எனக்குப் பெரிய கவலை. சைக்கிள் கிடைச்சிட்டு எண்டு நான் எவ்வளவு சந்தோசமாப் போன! கீழ வந்து நிண்டு கூப்பிடுறன், ‘ஆரது?’ எண்டு கேக்கார். இது ஓடுறதே கேக்கல்ல தம்பி. பார்க்க என்ட சைக்கிள்தான். பார்க்கிறதுக்கு அவருக்குக் கண் வேணுமே.”

“மணி அடிக்கலாந்தானே அக்கா?” என்று நான் கேட்டேன்.

“மணி எல்லாரும் அடிப்பாங்க புள்ள. அது நான்தான் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?”



“நீங்க ராசாவைப் போல இதைப் பார்த்திரிக்கீங்க. எங்களுக்குச் சும்மா பல்கனியில நிக்கிறதை விட உங்களிட்ட ஓடட்டும்” என்றார் அக்கா. நான் டனிஸ்ரனைப் பார்த்தேன். அவருடைய முகம் திறந்ததைக் கண்டேன். எனக்கும் பெரிய சந்தோஷம், ஏன் பொய் சொல்ல வேண்டும்? சைக்கிள் முறையாக, உடையவர் கையாலேயே, திரும்பி வந்திருக்கிறது. இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. “நன்றி” என்ற ஒரு சொல் போதும்.

அந்தச் சொல்லைச் சொல்லாமல் இந்த மனிதர், “என்ன மாதிரிச் சத்தம் அக்கா?” என்று கேட்டார்.

மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

சீதேவி அக்கா வாயால் செய்து காட்டினார். “டக்... கிறீச், கிறீச். டக்... கிறீச், கிறீச்.”

“டக் எண்டது ஒரு சுத்துக்கு ஒருக்காத்தானே? வலக்கால் கீழ போகேக்கையோ?”

“ஓம் தம்பி. வலக்கால்.”

அவர் எழுந்து பேஸ்மென்றுக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன். தட்டிலிருந்து யோகட் டப்பாக்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

“குடுக்காதையுங்கோப்பா” என்றேன். “அவவே வேண்டாமெண்டு கொண்டந்து தந்தவ. ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து செய்தனீங்கள். உங்கடை கையாலை அதைப் பழுதாக்கப் போறியளோ?”

“பழுது இல்லை சர்மி. நான்தான் அரைவாசியைத் துடைச்சுப் போட்டன். கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டும் வைச்சிட்டு மற்றதை எறிஞ்சிட்டன்.”

“எறியேல்லை, என்ரை டப்பாவுக்குள்ளை வைச்சிருக்கிறியள்” என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு டப்பாவை நானும் தூக்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

பார்க் எக்ஸ்ரென்ஷனில் அவர்கள் வீடு மூன்றாம் மாடி. கீழே நடைபாதையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டனிஸ்ரன் வேலையைத் தொடங்கினார். புது உள்ளச்சுகள் வெளியே வந்தன. தேய்ந்து பள்ளம் விழுந்த பழையவை கிறீஸ் இல்லாமல் உள்ளே போயின. மேலே பல்கனியில் யோகராசா அண்ணை சாரம் கட்டியபடி, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றார். நல்ல பகிடிக்கார மனிதர்.

“ஆர் அந்த என்ஜினியர்?”

“டனிஸ்ரன், அண்ணை. கேட்டுச் சொல்லுங்கோ.”

சீதேவி அக்கா ஏறிச் சிறிது தூரம் போய் வந்தார்.

“கிறீச் சரி” என்று மேலிருந்து தீர்ப்பு வந்தது. “டக்கைக் காணல்ல.”

டனிஸ்ரன் துணி சுற்றிய குறட்டால் சங்கிலித் தகட்டை வெளியே இழுத்தார். அக்கா மறுபடி ஓடினார். இடி தெருவுக்கே கேட்டது.

“இது கடன்காரன் கதவுல அடிக்கிற மாதிரி இரிக்கி. அவ அவ்வளவு கோவமா வாறல்ல.”

கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

“இப்ப களவெடுக்க வாற மாதிரி.”

பக்கத்துப் பல்கனியில் ஒரு கிரேக்கப் பெண் வந்து நின்று, என்ன நடக்கிறது என்று தெரியாமலே ஒவ்வொரு இடிக்கும் கைதட்டினாள். டனிஸ்ரன் தகட்டின்மேல் காதை வைத்து, ஒரு நூல், அரை நூல் என்று தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தார். நெற்றி வேர்வை மூக்கில் வடிந்தது. துடைக்கவும் மறந்துவிட்டார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. எனக்கு இந்த மனிதர்மேல் அவ்வளவு கோபமும் அவ்வளவு பெருமையும் சேர்ந்து வந்தன.

“பிரேக் பிடிச்சா ஒரு கூச்சலும் வருமே” என்று மேலேயிருந்து நினைவூட்டினார் அண்ணை.

“அது மட்டும் தரமாட்டன் அண்ணை. அக்கா நிக்க வேணும்.”

“அதுவும் சரிதான்.”

பிறகு அவர் எழுந்து, ஸ்பானரைக் கீழே வைத்து, “இந்தமுறை சும்மா முன்னுக்கு ஓடாதேங்கோ அக்கா. வேலையாலை வாற மாதிரி, அங்காலை போய்ச் சுத்தி வாங்கோ” என்றார். சீதேவி அக்கா தலையாட்டிவிட்டு ஏறினார். சைக்கிள் தெருமுனையில் திரும்பி மறைந்தது. அது போன பக்கத்தையே என் கணவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெரு அமைதியாக இருந்தது. ஒரு பஸ் போனது. எங்கேயோ ஒரு நாய் குரைத்து நின்றது. நான் காதைக் கூர்மையாக்கினேன், ஒன்றும் கேட்கவில்லை. டனிஸ்ரனும் தலையைச் சரித்துக் கேட்டுப் பார்த்தார். அவருக்கும் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிழையாகிவிட்டதோ என்று நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

மேலே யோகராசா அண்ணை நிமிர்ந்தார். சுவரைத் தடவிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார்.

“வாறா” என்றார்.

எங்களுக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது. டனிஸ்ரன் குனிந்து, நடைபாதையில் கிடந்த ஸ்பானர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போடத் தொடங்கினார்.